ஒரு பக்கம் உரசும் கட்டை

அத்தியாயம் 7

"கட்டைல ஒரு கோளாறும் இல்ல மேடம். கட்டையைப் பிடிக்கிற கைலதான் கோளாறு" என்றார் மெக்கானிக்.

துப்பாக்கிக் கிளப்பின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட நீளமான அறைதான் அவருடைய பட்டறை. ஒரு பக்கச் சுவர் முழுக்க ஸ்க்ரூ டிரைவர்கள். இன்னொரு பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சுடுதளம், அதன் கோடியில் மண்மேடு, மேட்டுக்கு முன்னால் வரிசையாக டார்கெட் அட்டைகள். நடுவில் இருந்த மேஜையில் பழைய போர்வையை விரித்து அதன்மேல் ரைபிளைப் படுக்க வைத்திருந்தார். குழல் பழசு. விசை பழசு. அவற்றைத் தாங்கிப் பிடித்திருந்த மரக்கட்டை மட்டும் புத்தம் புதுசு. பாலிஷ் வாசனைகூடப் போகவில்லை.

அண்ணி குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

அண்ணி என்பது அவள் பெயர் அல்ல. துப்பறியும் ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்த கணவர் ஒருநாள் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிராமலே போய்விட, அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். கணவரின் தம்பியும் கூடவே ஒட்டிக்கொண்டான். அவன் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கட்சிக்காரர்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் ஒன்றிரண்டு திருடர்களுக்கும்கூட அவள் அண்ணியாகிவிட்டாள். அவனுக்கு அவள் வைத்த பெயர் வால். எப்போதும் பின்னாலேயே வருவான், ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டான். பெயர் இரண்டு அர்த்தத்திலும் பொருந்தியது.

"எப்படிச் சொல்றீங்க?" என்றாள் அண்ணி.

"இப்ப பாருங்க." மெக்கானிக் ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்தார். குழலுக்கும் அதைச் சுற்றியிருந்த மரத்துக்கும் நடுவில் நுழைத்து, முனையிலிருந்து பின்பக்கம் வரைக்கும் இழுத்தார். காகிதம் வழுக்கிக்கொண்டு போனது. "புதுக் கட்டை மாட்டினா எல்லாரும் முதல்ல பார்க்க வேண்டியது இது. மரம் குழலைத் தொடக்கூடாது. குண்டு கிளம்பும்போது குழல் அதிரும். அந்த நேரம் மரம் இடிச்சுதுன்னா குண்டு திசை மாறிடும். ஒரே கூட்டுல இருக்கணும், ஆனா ஒட்டக் கூடாது."

"புருஷன் பொண்டாட்டி மாதிரி" என்றான் வால்.

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

"இல்ல. அதனாலதான் இவ்வளவு தெளிவா பேசறேன்."

மெக்கானிக் அவனை விட்டுவிட்டு அண்ணியின் பக்கம் திரும்பினார். "அடுத்தது இந்த ரெண்டு ஸ்க்ரூ. கட்டையையும் இரும்பையும் பிடிச்சு வெக்கிறது இதுதான். லூசா இருந்தா குண்டு ஊர் சுத்தும். நான் மூணு தடவை கழட்டி மாட்டிட்டேன். மணல் மூட்டை மேல வெச்சு நானே சுட்டேன். அஞ்சு குண்டும் ஒரு சட்டை பட்டன் அளவுல விழுந்துச்சு. கோச் படுத்துக்கிட்டுச் சுட்டார். அதே பட்டன். அப்பறமும் அந்தப் பொண்ணு வந்து நின்னு, அண்ணா, வலது பக்கம் ஓடுதுன்னு அழுவுது. இந்தத் தடவை சொல்லியே விட்டேன். ஏம்மா, கட்டைய மாத்தியாச்சு, இனிமே மாத்தறதுன்னா உன் தலையைத்தான் மாத்தணும்னு."

"அதுக்கு என்ன சொன்னா?"

"அழுகையை நிறுத்திட்டா." அதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது.

அந்தப் பொண்ணுதான் இப்போது அண்ணியின் கட்சிக்காரி. போன வாரம் வலது மணிக்கட்டில் கட்டோடு ஆபீசுக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவள் சொன்னது இவ்வளவுதான்: புதுக் கட்டை மாட்டிய நாளிலிருந்து என் குண்டு சில சமயம் நடுவில் விழுகிறது, சில சமயம் வலது பக்கம் ஓடுகிறது. யாரோ என் துப்பாக்கியைக் கெடுக்கிறார்கள். யார் என்று கண்டுபிடித்துக் கொடுங்கள். அண்ணிக்கு முதலில் கோச் மேல்தான் சந்தேகம். விசாரித்ததில், அந்த மனுஷன் பாதி நாள் ஊரிலேயே இல்லை. மீதி நாள் பல்வலி.

"இதையும் பாருங்க." மெக்கானிக் சுவரில் குத்தியிருந்த ஒரு டார்கெட் அட்டையை எடுத்து நீட்டினார். நடுவில் ஒரே கிழிசலாக ஐந்து ஓட்டைகள். "அவங்க அக்கா சுட்டது. இதே ரைபிள், இதே கட்டை. தங்கச்சி மனசு ஆறட்டும்னு அவளே வந்து சுட்டுப் பார்த்தா. பாசக்காரப் பொண்ணு மேடம். இந்த அட்டையைப் பார்த்த பிறகுதான் சின்னவ டாக்டர்கிட்டயே போக ஒத்துக்கிட்டா."

அண்ணி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கேஸ் அவ்வளவுதானா அண்ணி?" என்றான் வால். "துப்பாக்கி நிரபராதி. கட்டை நிரபராதி. கைதான் குற்றவாளி. கைய கைது பண்ணி..."

வாசலில் நிழல் தட்டியது. சின்னவள் வந்து நின்றாள்.

வால் வாக்கியத்தை முடிக்கவில்லை. அவளுடைய வலது மணிக்கட்டில், உள்ளங்கை தொடங்கும் இடத்திலிருந்து கீழ்நோக்கி, தையல் பிரித்த கோடு ஒன்று சிவப்பாக ஓடியது. இடது மணிக்கட்டில் கோடு இல்லை. அங்கே பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டிருந்தது.

"டாக்டர் போட்டது" என்றாள் அவள், வால் பார்ப்பதைப் பார்த்து. "நாளைக்குக் காலைல இந்தக் கை. மாத்தி வெட்டிடக் கூடாதுன்னு இன்னைக்கே குறிச்சு அனுப்பிட்டாங்க."

"நாளைக்கேவா?" என்றாள் அண்ணி. "ஞாயித்துக்கிழமை டீம் செலக்‌ஷன்னு சொன்னியே."

"அதுக்கு அக்கா போவா. அவதான் எனக்கு அடுத்த இடத்துல இருக்கா. எனக்கு இது ரெண்டும் ஆறினா அடுத்த வருஷம் பார்க்கலாம்னு அக்கா சொன்னா." சின்னவள் போர்வையின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். "நான் உங்களைப் பார்க்க வந்ததே தப்பு மேடம். அக்காவுக்குக்கூடச் சொல்லாம வந்தேன். அப்பறம் சொன்னேன். அவ கோவிச்சுக்கல. விசாரிக்கட்டும், உனக்கு நிம்மதியா இருக்கும்னா விசாரிக்கட்டும்னு சொன்னா."

"அக்கா எங்க?"

"ஆஸ்பத்திரில கட்டில் சொல்லப் போயிருக்கா. வந்துடுவா."

அண்ணி ஸ்டூலை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். "கைல என்னம்மா? வலிக்குதா?"

"வலி இல்ல."

"நடுக்கம்?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"பின்ன எதுக்கு ஆபரேஷன்?"

"மணிக்கட்டுல நரம்பு அழுந்துதுன்னு சொன்னாங்க. டெஸ்ட்ல பெரிசா ஒண்ணும் வரல. ஆனா ராத்திரில கை மரத்துப் போகுதாம். உதறிக்கிட்டு எழுந்திரிக்கிறேனாம். அது இருந்தா நிச்சயம் நரம்புதான்னு டாக்டர் சொல்லிட்டார்."

அண்ணியின் தலை லேசாகச் சாய்ந்தது. வாலுக்கு அந்தச் சாய்வு தெரியும். ஹோட்டல் பில்லில் சாப்பிடாத வடையைக் கண்டுபிடிக்கும்போதும் அப்படித்தான் சாய்வாள்.

"போகுதா, போகுதாமா?"

"என்ன மேடம்?"

"உன் கை மரத்துப் போகுதா? இல்ல, மரத்துப் போகுதாமா?"

சின்னவள் விழித்தாள். "எனக்குத் தூக்கத்துல எப்படித் தெரியும்? அக்காதான் பக்கத்துல படுக்கறா. அவதான் பார்த்துட்டு டாக்டர்கிட்ட சொன்னா."

"சரி" என்றாள் அண்ணி. வாலைப் பார்க்கவில்லை. "நீ எப்படிப் படுத்துச் சுடுவேன்னு எனக்கு ஒரு தடவை காட்டு. குண்டு வேண்டாம்."

பாய் சுடுதளத்தின் ஓரத்தில் விரித்தே கிடந்தது. மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே ரைபிளைத் தூக்கி வந்தார். சின்னவள் வலது மேல்கையில் தோல் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். அந்த பெல்ட்டின் மறுமுனை கட்டையின் முன்பக்கத்தில் ஒரு வளையத்தில் மாட்டும். இறுக்கிக் கட்டினால் துப்பாக்கியின் கனம் முழுவதும் தசையை விட்டு எலும்பில் உட்காரும். கை ஆடாது.

"வலது கைல கட்டறீங்க?" என்றான் வால். பாய்க்குப் பக்கத்தில் அவனும் குப்புறப் படுத்திருந்தான். யாரும் அவனைப் படுக்கச் சொல்லவில்லை.

"நான் இடது கைக்காரி. விசை இடது கைல. தாங்கறது வலது கைல."

"எங்க அண்ணன்கூட இடது கைதான். பஸ்ல டிக்கெட் வாங்கும்போது கண்டக்டர் திட்டுவாரு." பஸ் என்றதும் நினைவு வந்து, சட்டைப் பையிலிருந்த டிக்கெட்டை எடுத்தான். மெக்கானிக் செய்தது போலவே குழலுக்கும் மரத்துக்கும் நடுவில், தன் பக்கமாக, அதாவது இடது பக்கமாகச் சொருகி இழுத்துப் பார்த்தான். போனது, வந்தது. போனது, வந்தது. "நல்லா இருக்கு அண்ணி. உண்டியல் மாதிரி."

"அதுல கை வெக்காத" என்றார் மெக்கானிக்.

சின்னவள் பெல்ட்டை இழுத்து, பல்லைக் கடித்து, ஓட்டையில் கொக்கியை மாட்டினாள். முழங்கையைப் பாயில் ஊன்றினாள். தோள் இறங்கியது. மூச்சு இறங்கியது. அம்புக்குறி போட்ட கை விசையருகே போய் அசையாமல் நின்றது. அந்தக் கையில் ஈ உட்கார்ந்திருந்தால் சிலை என்று நினைத்துத் தூங்கியிருக்கும்.

வால் டிக்கெட்டை இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். பாதியாகக் கிழிந்து வந்தது.

"அண்ணி, என் டிக்கெட்டைக் கட்டை தின்னுடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக்கின் முகம் வெளுத்திருந்தது.

"பெல்ட்டை அவிழும்மா" என்றாள் அண்ணி.

அவிழ்த்தாள். மீதி டிக்கெட் தானாகவே நழுவிப் பாயில் விழுந்தது.

"இறுக்கு."

இறுக்கினாள். வால் கிழிந்த துண்டை நுழைக்கப் பார்த்தான். நுனிகூட நுழையவில்லை. வலது பக்கத்தில் நுழைத்தான். அங்கே தாராளமாகப் போனது. டிக்கெட்டோடு ஒரு பயணியும் போகலாம் போல இடைவெளி.

"விளக்கம் சொல்லுங்க" என்றாள் அண்ணி மெக்கானிக்கிடம். குரலில் சூடே இல்லை.

மெக்கானிக் உதட்டை நனைத்துக்கொண்டார். "பெல்ட்டை இறுக்கினா கட்டையோட முன்பக்கம் தாங்கற கைப் பக்கமா வளையும் மேடம். ஒரு நூலளவுதான். எங்ககிட்ட வர்றவங்க பெரும்பாலும் வலது கைக்காரங்க. அவங்க இடது கையால தாங்கறதால கட்டை இடது பக்கம் வளையும். அப்ப வலது சுவர்தான் வந்து குழலை இடிக்கும். அதனால நான் எப்பவுமே வலது சுவரைக் கூடுதலா இழைச்சு விடுவேன். இடது சுவரைத் தொடமாட்டேன். கை பழகிப்போச்சு. எதிர்ப் பக்கம் இழுப்பாங்கன்னு..." நிறுத்தினார். "யோசிக்கல."

"மேஜை மேல படுக்க வெச்சுப் பார்த்தா தெரியாது."

"தெரியாது."

"மணல் மூட்டை மேல தெரியாது. கோச் சுட்டாலும் தெரியாது. அவரு வலது கை."

"தெரியாது."

"பெல்ட்டை இறுக்கிக்கிட்டு இடது கைக்காரங்க படுத்தா மட்டும் மரம் குழலை இடிக்கும். குண்டு வலது பக்கம் ஓடும். அதுவும் ஒரு தடவை இடிக்கும், ஒரு தடவை விட்டுடும்."

மெக்கானிக் தலையாட்டினார்.

சின்னவள் இன்னும் படுத்தே இருந்தாள். "அப்ப என் கை நல்ல கையா?" என்றாள் பாயைப் பார்த்து. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தவள், வலது மணிக்கட்டின் கோட்டைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விட்டாள். "ஒண்ணு வெட்டியாச்சே" என்றாள். "சரி, ஒண்ணோட போச்சு. அக்காவுக்குச் சொல்லணும். ஃபோன் எங்க?"

"குற்றவாளி ஒரு உளி" என்றான் வால் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே. "அண்ணி, வாழ்க்கையில முதல் தடவையா யாரையும் ஜெயிலுக்கு அனுப்பாம ஒரு கேஸ் முடியுது."

அண்ணி சின்னவளின் ஃபோன்மேல் கை வைத்தாள். "இந்தக் கிளப்புல இடது கைக்காரங்க எத்தனை பேர்?"

"ரெண்டே பேர்தான். நானும் அக்காவும். எங்க வீட்ல..." சின்னவள் பேசியபடியே நின்றாள். அவள் கண் பட்டறைப் பக்கம் போனது. அந்த அட்டை மேஜைமேல் கிடந்தது. நடுவில் ஒரே கிழிசலாக ஐந்து ஓட்டைகள்.

"அது எப்பச் சுட்டது?" என்று அண்ணி கேட்டாள்.

"முதல் ஆபரேஷனுக்கு முன்னாடி."

"நீ கூட இருந்தியா?"

"இல்ல. அட்டையைத்தான் கொண்டுவந்து காட்டினா." உடனே வேகமாகச் சொன்னாள்: "அக்கா என்னைவிட நல்லா பிடிப்பா மேடம். அவ பிடிச்சா இடிக்காம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம். அவ வந்ததும் கேட்கலாம். அதுவரைக்கும் இங்க நடந்ததை யாரும் பேசக் கூடாது. மெக்கானிக், உங்களைத்தான் முக்கியமா சொல்றேன். நாக்கு நீண்டா உங்க தலையைத்தான் மாத்தணும்."

பெரியவள் வந்தபோது கையில் ஆஸ்பத்திரிப் பை இருந்தது. தங்கையைவிடக் கொஞ்சம் உயரம். அதே கண். வந்ததும் எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். வாலுக்குக்கூடச் சொன்னாள்.

"ஜன்னல் பக்கத்துக் கட்டில் கிடைச்சுது கண்ணு. சண்டை போட்டு வாங்கினேன். அப்பறம் நகம் வெட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க." பையிலிருந்து நகவெட்டியை எடுத்து, தங்கையைப் பெஞ்சில் உட்கார வைத்து, அம்புக்குறி போட்ட கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகப் பிடித்து, சதையில் படாமல், பொறுமையாக வெட்டினாள். டிக், டிக் என்று நகம் தரையில் விழுந்தது. சின்னவள் அக்காவின் வகிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வால் வாயைத் திறந்தான். அண்ணி அவன் காலை மிதித்தாள்.

"நான் கேஸை மூடிடலாம்னு இருக்கேன்மா" என்றாள் அண்ணி. "துப்பாக்கில ஒண்ணும் இல்லைன்னு மெக்கானிக் சொல்றார். எனக்கு ஒரே ஒரு தடவை கண்ணால பார்க்கணும். நீங்க அன்னைக்குச் சுட்ட மாதிரி அஞ்சு குண்டு சுட்டுக் காட்டறீங்களா? உங்க தங்கச்சியும் பார்க்கட்டும். அவ மனசுல இருக்கறது இன்னையோட போகட்டும்."

பெரியவளின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "தாராளமா. அவளுக்காக எத்தனை வேணும்னாலும் சுடறேன்."

பாயில் படுத்தாள். தன் பையிலிருந்த சொந்த பெல்ட்டையே எடுத்து மாட்டினாள். ஐந்து தடவை சுட்டாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மூச்சு. மெக்கானிக் தொலைநோக்கியில் பார்த்து, "பட்டன்" என்று மட்டும் சொன்னார். அவர் குரலில் குழப்பம் இருந்தது. மரம் இடிக்கும் என்று சற்றுமுன் தானே சொன்ன கட்டை இப்போது இடிக்கவில்லை.

"பார்த்தியா கண்ணு?" என்றாள் பெரியவள், திரும்பாமலே.

சின்னவள் பாய்க்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். அட்டையை அவள் பார்க்கவே இல்லை. அக்காவின் மேல்கையைப் பார்த்தாள்.

"அக்கா, பெல்ட்டு ஏன் தொளதொளன்னு இருக்கு?"

சின்னவள் பெல்ட்டின் ஓட்டைகளில் ஒன்றைத் தொட்டாள்.

"இந்த ஓட்டைதான் உன் ஓட்டை. தேஞ்சு வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கு பாரு. எப்பவும் இதுலதான் மாட்டுவ. இன்னைக்கு எதுக்கு அந்தக் கடைசி ஓட்டைல மாட்டியிருக்க? அதுல இதுவரைக்கும் கொக்கியே பட்டதில்ல." சின்னவள் விரலை பெல்ட்டுக்கும் கைக்கும் நடுவில் விட்டு ஆட்டினாள். மூன்று விரல் போனது. "இது துணி காயப்போடற கொடியான்னு கேட்டு என் தலைல குட்டினவ நீ. ரத்தம் கட்டற வரைக்கும் இறுக்குடின்னு சொன்னவ நீ. உன்னைத் தளர்த்தச் சொன்னது யாரு?"

பெரியவள் ரைபிளைக் கீழே வைக்கவில்லை. கன்னத்தைக் கட்டையில் வைத்தபடியே கிடந்தாள்.

"யாரும் சொல்லல" என்றாள் அண்ணி. "இந்தக் கட்டை பெல்ட்டை இறுக்கினா மட்டும்தான் தப்பாச் சுடும்னு எங்களுக்கே இன்னைக்குத்தான் தெரியும். வால் டிக்கெட் சொருகினதுல தெரிஞ்சுது. இவங்களுக்கு முதல் ஆபரேஷனுக்கு முன்னாடியே தெரியும். அன்னைக்கு வந்து இறுக்கிச் சுட்டிருக்காங்க, வலது பக்கம் ஓடியிருக்கு. அந்த அட்டை இங்க இல்ல. அப்பறம் காரணம் தேடி, பெல்ட்டைத் தளர்த்தி, வெறும் கை பலத்துல தாங்கிச் சுட்டிருக்காங்க. நடுவுல விழுந்திருக்கு. அதைத்தான் தங்கச்சிகிட்ட காட்டினாங்க." அண்ணி அந்த பெல்ட்டைச் சுட்டிக் காட்டினாள். "தளர்ந்த பெல்ட்டுல இப்படிச் சுட ஆயிரத்துல ஒருத்தராலதான் முடியும். அந்த அளவுக்குத் திறமை இருக்கு உங்ககிட்ட. அதான் எனக்குப் புரியல."

"உங்களுக்குப் புரியாது" என்றாள் பெரியவள்.

எழுந்து உட்கார்ந்தாள். அழவில்லை. தங்கையைப் பார்க்காமல் மண்மேட்டைப் பார்த்துப் பேசினாள்.

"ஒவ்வொரு தடவையும் ஜெயிச்சுட்டு வந்து மெடலைக் கழட்டி என் கழுத்துல மாட்டுவா. எல்லாம் எங்கக்கா போட்ட பிச்சைன்னு மைக்ல சொல்லுவா. எல்லாரும் கை தட்டுவாங்க. ஃபோட்டோ எடுப்பாங்க. நான் சிரிச்சுக்கிட்டு நிப்பேன். நாய்க்குப் பட்டை மாட்டின மாதிரி இருக்கும் எனக்கு."

"அது எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் சின்னவள்.

"தெரியாதுதான். அதுவும் சேர்த்துத்தான் எரியும்."

"டாக்டர்கிட்ட சொன்னியே. ராத்திரி கையை உதறிக்கிட்டு எழுந்திரிக்கிறேன்னு. எழுந்திரிச்சேனா?"

பெரியவள் மணலில் ஒரு கோடு கிழித்தாள்.

"ஒரு தடவையாச்சும் எழுந்திரிச்சேனாக்கா?"

"இல்ல. நீ கட்டை மாதிரி தூங்குவ."

வால் திரும்பி நின்றுகொண்டான். அவனிடம் எதற்கும் ஒரு ஜோக் இருக்கும். இதற்கு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை, வெளியே வரவில்லை.

"ஆபரேஷனை நிறுத்தியாச்சுன்னு நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடறேன்" என்றாள் அண்ணி. "அப்படியே போலீஸுக்கும் போகலாம். பொய் சொல்லி ஒரு நல்ல கையை வெட்ட வெச்சிருக்கா. என்ன பிரிவுன்னு அவங்க கண்டுபிடிச்சுக்கட்டும்."

சின்னவள் அதற்குப் பதில் சொல்லாமல் மெக்கானிக்கிடம் கேட்டாள். "அந்த இடது சுவரை இழைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"டீ குடிக்கிற நேரம்தாம்மா."

"இழைங்க."

அவர் ஸ்க்ரூக்களைக் கழற்றிக் குழலைத் தூக்கித் தனியே வைத்தார். ஒரு துண்டுக் குழாயில் உப்புத்தாளைச் சுற்றி இடது சுவரைத் தேய்த்தார். ஒரு வருஷத்தின் வெற்றிகளும் ஒரு மணிக்கட்டும் ஒரு சிட்டிகை மரத்தூளாகப் போர்வைமேல் உதிர்ந்தன. பெரியவள் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். போகச் சொல்லவும் யாரும் இல்லை, இருக்கச் சொல்லவும் யாரும் இல்லை. மெக்கானிக் திரும்ப மாட்டி, தானே பெல்ட்டை இழுத்துப் பிடித்துக் காகிதம் விட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போனது.

"மன்னிச்சுடும்மா" என்று ரைபிளை நீட்டினார். "இனிமே ஓடாது."

சின்னவள் படுத்தாள். பெல்ட்டைத் தன் ஓட்டையில் இறுக்கினாள். சுட்டாள்.

"நடு" என்றார் மெக்கானிக்.

சுட்டாள்.

"நடு. அதே ஓட்டை."

மூன்றாவதும் அதே ஓட்டை. மெக்கானிக்கே வாய்விட்டுச் சிரித்தார். வால் கை தட்டப் போனான்.

நாலாவது குண்டுக்கு அவள் அதிக நேரம் எடுத்தாள். பெல்ட் இறுகிய வலது கையில், சிவப்புக் கோட்டுக்கு மேலே, கட்டைவிரலின் அடிச்சதை துள்ளத் தொடங்கியது. விரல்கள் கட்டையைப் பிடித்திருந்த இடத்திலிருந்து மெல்ல வழுக்கின. அவள் மறுபடி பிடித்தாள். மறுபடி வழுக்கின. சுட்டாள்.

மெக்கானிக் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எதுவும் சொல்லவும் இல்லை.

"சொல்லுங்க" என்றாள் சின்னவள்.

"கீழ."

ஐந்தாவது குண்டு அட்டையிலேயே படவில்லை. மண்மேட்டில் புழுதி எழும்பியது.

"கட்டையா?" என்றாள்.

"இல்லம்மா" என்றார் மெக்கானிக். "இது கை."

"தையல் ஆறணும்" என்றாள் அண்ணி. "கொஞ்ச மாசம் போனா பலம் வரும்னு டாக்டர் சொல்லியிருப்பாரே."

"முழுசா வராமலும் போகலாம் மேடம். வெட்டறதுக்கு முன்னாடியே சொல்லிட்டார். எழுதறதுக்கு, சமைக்கறதுக்கெல்லாம் போதும்னார்." சின்னவள் பெல்ட்டை அவிழ்த்தாள். கட்டையின் வளையத்தில் மாட்டியிருந்த முனையை வலது கையால் கழற்ற முடியவில்லை. இடது கையால் கழற்றினாள். "போலீஸ் வேண்டாம்."

பெரியவள் எழுந்து வந்தாள். தங்கையைத் தொடக் கை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டாள். "நான் ஞாயித்துக்கிழமை போகல கண்ணு. பேரை எடுக்கச் சொல்லிடறேன். இனிமே துப்பாக்கியைத் தொட மாட்டேன். சத்தியமா."

"போ" என்றாள் சின்னவள்.

"வேண்டாம்டி."

"போய்ச் சுடு. நீ ஜெயிப்ப. உன்னைத் தோற்கடிக்க அங்க யாரும் இல்ல." ரைபிளை எடுத்து அக்காவின் இரண்டு கைகளிலும் வைத்தாள். "இதையே எடுத்துக்கோ. இப்ப நல்லாச் சுடுது. ஜெயிச்சதும் உன்கிட்ட எல்லாரும் வருவாங்க. தங்கச்சி ஏன் வரலைன்னு கேப்பாங்க. எல்லா ஊர்லயும் கேப்பாங்க. ஒவ்வொரு மெடலுக்கும் கேப்பாங்க."

பெரியவளின் உதடு காய்ந்திருந்தது. "நான் என்னடி சொல்லட்டும்?"

"கை சரியில்லைன்னு சொல்லு" என்றாள் சின்னவள். "இனிமே அது பொய் இல்ல."